சாப்பிட்டு முடிப்பதற்குள் இலையை எடுக்கலாமா?

கல்யாணப் பந்தியில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒரு பெரியவர், வாசலில் முக்கியமான மனிதர் வந்திருக்கிறார் என்று கேட்டு, "இதோ வந்துவிட்டேன்" என்று பாதியில் எழுந்து போவார். திரும்பி வந்து பார்த்தால் இலை இராது. கடித்த ஜாங்கிரியும் கடிக்காத வடையும் இலையோடு போயிருக்கும். இலை எடுத்த பையனைக் கோபித்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை. "ஆளைக் காணோம், இலை கிடந்தது, எடுத்தேன்" என்பான். அவன் சொல்வதும் நியாயந்தானே?

எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்குச் சமீபத்தில் ஏறக்குறைய இந்தக் கதிதான் நேர்ந்தது. பந்தியில் அல்ல, கம்ப்யூட்டரில்.

மாமியின் பெண்ணுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் தங்கள் பக்கத்து விலாசங்களையெல்லாம் ஒரு பட்டியலாக ஈ-மெயிலில் அனுப்பியிருந்தார்கள். மாமி அந்த மெயிலில் இருந்தபடியே பட்டியலைத் திறந்து, தன் உறவுக்காரர்களை ஒவ்வொருவராக ஞாபகப்படுத்திக்கொண்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சேர்த்தாள். 'சேவ்' பண்ணினாள். மூடினாள். மறுநாள் காலையில் மெயிலைத் திறந்தால், சம்பந்தி வீட்டு விலாசங்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. மாமியின் மனிதர்களில் ஒருவரைக்கூடக் காணோம்!

"சேவ் பண்ணினேனே! ஒரு தரம் இல்லை, ரெண்டு தரம் பண்ணினேன்!" என்று சொல்லும்போது மாமிக்குத் தொண்டை அடைத்தது.

மாமி சொன்னது சத்தியம். கம்ப்யூட்டரும் ஏமாற்றவில்லை. அவள் சொன்னபடி சேவ் பண்ணத்தான் செய்தது. ஆனால் அலமாரியில் வைப்பதற்குப் பதிலாக இலையில் வைத்துவிட்டது.

இலை என்று நான் சொல்வது தற்காலிக பைல்களை. எந்தப் புரோகிராமும் வேலை செய்வதற்கு ஓர் இடம் வேண்டும். நீங்கள் ஒரு போட்டோவைத் திருத்தினால், "ஐயோ, பழையபடியே இருக்கட்டும்" என்று நீங்கள் சொல்லக்கூடுமே என்று பழைய படத்தை அது ஒரு பக்கம் வைத்துக்கொள்ளும். புதுப் புரோகிராம் ஒன்றை வரவழைத்தால், மூட்டையைப் பிரித்துச் சாமான்களைப் பரப்ப இடம் தேடும். மெயிலோடு வந்த பட்டியலை நீங்கள் திறந்தால், அதன் நகல் ஒன்றை எங்கேயோ இறக்கி வைத்துத்தான் உங்களுக்குக் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் கம்ப்யூட்டரில் தனியாகச் சில மூலைகள் உண்டு. சில மெயில் புரோகிராம்களில், திறந்த பட்டியலை நேராகச் சேவ் பண்ணினால் அது அந்த மூலையில்தான் போய் உட்காரும். மாமிக்கு நேர்ந்தது அதுதான்.

சரி, இந்த இலைகளை எடுப்பது யார்?

முறைப்படி பார்த்தால், சாப்பிட்டவரே எடுக்க வேண்டும். நல்ல வளர்ப்பில் வந்த புரோகிராம் தன் வேலை முடிந்ததும் தன் பைல்களைத் தானே அழித்துவிட்டுப் போகும். ஆனால் நடுவில் கரண்ட் போனால்? புரோகிராமே மூர்ச்சை போட்டு விழுந்தால்? இலை கிடந்த இடத்தில் கிடக்கும். யூனிக்ஸ் வழியில் வந்த கம்ப்யூட்டர்களில் இதற்கு ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. பைலைத் திறந்த மறு கணமே புரோகிராம் அதன் பெயரை அழித்துவிடும். பெயர் போனாலும், புரோகிராம் பிடித்துக்கொண்டிருக்கும் வரையில் பைல் இருக்கும். புரோகிராம் ஒழுங்காக முடிந்தாலும் சரி, பாதியில் பிராணனை விட்டாலும் சரி, பிடி விட்ட உடனே இடம் தானாகக் காலியாகிவிடும். இதை யோசித்தவர் கைகாரர்தான்!

எல்லாப் புரோகிராம்களும் இவ்வளவு சாமர்த்தியமாக நடந்துகொள்வதில்லை. ஆகவே இலை எடுப்பதற்கென்றே தனி ஆள் போட்டிருக்கிறார்கள். விண்டோஸ் 10-ல் 2017-ஆம் வருஷம் முதல் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. அநேக லினக்ஸ் கம்ப்யூட்டர்களிலும் இப்படி ஒரு ஆள் இருக்கிறான். ஒரு மூலையில் பத்து நாள், இன்னொரு மூலையில் முப்பது நாள் என்பது அவனுக்கு வழக்கமாகக் கொடுத்திருக்கும் கணக்கு.

நம் பந்தியில் ஓர் அடையாளம் இருக்கிறது. சாப்பிட்டு முடித்தவர் இலையை மடிக்கிறார். மடித்த இலையை எடுக்கலாம், விரித்த இலையைத் தொடக்கூடாது. கம்ப்யூட்டரில் மடிக்கிற வழக்கம் இல்லை. ஆகையால் இலை எடுக்கிற ஆள் இரண்டே விஷயங்களைப் பார்க்கிறான். எந்த இடத்தில் கிடக்கிறது? எத்தனை நாளாக யாரும் தொடவில்லை? அதில் இருப்பது எச்சிலா, ஜாங்கிரியா என்று அவன் பார்ப்பதே இல்லை.

இது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜப்பானில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கியோட்டோ சர்வகலாசாலையில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டு எடுத்த முடிவுகளெல்லாம் அதன் களஞ்சியத்தில் இருந்தன. கம்ப்யூட்டர் தன் அன்றாட நடவடிக்கைகளை எழுதி வைக்கும் குறிப்புகள் பத்து நாளைத் தாண்டினால் தானாக அழித்துவிட வேண்டும் என்று அங்கே ஒரு 'ஸ்கிரிப்ட்' ஏற்பாடு. ஸ்கிரிப்ட் என்றால், இலை எடுக்கும் பையன் கையில் கொடுத்திருக்கும் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2021-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். கம்ப்யூட்டரைக் கொடுத்திருந்த கம்பெனியார் அந்தச் சீட்டைச் சீர்திருத்தி எழுதினார்கள். படிப்பவர்களுக்கு இன்னும் தெளிவாக இருக்கட்டும் என்று அதில் சில பெயர்களையும் மாற்றினார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் பையன் பழைய சீட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அது இருந்த இடத்தில் புதியதை வைத்துவிட்டார்கள். இந்தப் பையனோ சீட்டு முழுவதையும் ஒரேயடியாகப் படித்துவிட்டு வேலைக்குப் போகிறவன் அல்ல. ஒரு வரி படிப்பான், அதைச் செய்வான், அடுத்த வரி படிப்பான். மேல் பாதியைப் பழைய சீட்டிலும், கீழ்ப் பாதியைப் புதிய சீட்டிலும் படித்தான். "இன்ன மண்டபத்தில் எடு" என்று கீழே இருந்தது. அந்த 'இன்ன மண்டபம்' எது என்பது புதிய சீட்டின் தலைப்பில் அல்லவா எழுதியிருந்தது? அதை அவன் படிக்கவே இல்லை. மண்டபத்தின் பெயர் இருக்க வேண்டிய இடம் அவனுக்கு வெறுமையாகிவிட்டது. பையன் தயங்கவில்லை. நேராகக் களஞ்சியத்துக்குள் போய் எடுக்க ஆரம்பித்தான்.

14-ந் தேதி சாயங்காலம் ஆரம்பித்து 16-ந் தேதி மத்தியானம் வரையில் எடுத்துக்கொண்டே இருந்தான். போனவை சுமார் 3 கோடியே 40 லட்சம் பைல்கள், 77 டெராபைட். 14 ஆராய்ச்சிக் குழுக்களின் உழைப்பு அது. அவற்றில் நான்கு குழுக்களுடையதை நகலிலிருந்துகூட மீட்க முடியவில்லை. கம்பெனியார் பொறுப்பு முழுவதும் தங்களுடையதே என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

இதில் என் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. பையன் நாள் கணக்கை மாத்திரம் கடைசி வரையில் மீறவில்லை. டிசம்பர் 3-ந் தேதிக்குப் பிறகு யாரும் தொடாத பைல்களைத்தான் அழித்தான். செய்து முடித்து, சரிபார்த்து, நிம்மதியாக வைத்திருந்த வேலையை யார் தினமும் தொட்டுக்கொண்டிருப்பார்கள்? நம் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும் பத்திரத்தை நாம் கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தோம்?

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். ஸ்டோரேஜ் சென்ஸ் வேலை செய்துகொண்டிருந்தால், குப்பைத் தொட்டியில் போட்டவை சாதாரணமாக முப்பது நாளில் போய்விடும். தொட்டியையே பீரோவாக உபயோகிக்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஜி-மெயில் குப்பைக்கும் அதே முப்பது நாள்தான். 'டவுன்லோட்ஸ்' என்கிற இடத்தை, நாமாக உத்தரவு கொடுத்தாலொழிய, ஸ்டோரேஜ் சென்ஸ் தொடாது. கொடுத்துவிட்டால், 1, 14, 30, 60 என்று நாம் குறித்த நாட்களுக்குள் திறக்கப்படாதவை அழிந்துவிடும். வாடகை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் காகிதம், பெண்ணின் பரீட்சை ஹால் டிக்கெட் எல்லாம் பல வீடுகளில் இறங்கிய அந்த இடத்திலேயே கிடக்கின்றன. உத்தரவு கொடுப்பதற்கு முன்னால் அவற்றை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். மெயிலில் வந்ததைத் திருத்த வேண்டுமானால், முதலில் அதை உங்கள் சொந்த இடத்தில் சேவ் பண்ணி, பிறகு அங்கிருந்து திறவுங்கள்.

மாமியின் பட்டியல் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த அவள் பிள்ளை, கம்ப்யூட்டரின் மூலை முடுக்கெல்லாம் துழாவி அதைக் கண்டுபிடித்துவிட்டான். இலை எடுக்கிற ஆள் அந்தப் பக்கம் இன்னும் வந்திருக்கவில்லை. திருநெல்வேலிப் பெரியப்பாவிலிருந்து தாம்பரம் சித்தி வரையில் அத்தனை பேரும் இருந்தார்கள்.

"எவ்வளவு குப்பை சேர்ந்திருக்கு பார், அம்மா! இனிமேல் தினமும் தானாகவே சுத்தம் பண்ணும்படி வைத்துவிடட்டுமா?" என்றான் பிள்ளை.

"கல்யாணம் முடியட்டும்டா. அதுவரைக்கும் அது மேலே கையை வைக்காதே!" என்றாள் மாமி.