நிற்பதும் நினைப்பதும்

பள்ளிக்கூட மைதானத்தில் டிரில் வாத்தியார் "அட்டென்ஷன்!" என்று முழங்கியதும் வரிசை முழுவதும் விறைத்து நிற்கிறது. அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கவனம் என்பதே பொருள். ஆனால் அசையலாகாது என்று எந்தப் பையன் மிகுந்த சிரத்தை கொள்கிறானோ, அவனே சற்று நேரத்தில் தள்ளாடுவதை நாம் பல முறை கண்டிருக்கிறோம்.

உண்மையில், சிறிதும் அசையாமல் நிற்கும் மனிதர் எவருமில்லை. தேகத்தின் பாரமையம் கணுக்காலுக்குச் சற்று முன்பாக அமைந்திருக்கிறது. ஆகவே நாம் முன்பக்கம் சாயப் பார்க்கிறோம். கெண்டைக்கால் தசைகள் ஓயாது நம்மைப் பின்னுக்கு இழுக்கின்றன. கண்ணும், உட்செவியும், உள்ளங்காலும், மூட்டுக்களும் அனுப்பும் செய்திகளைக் கொண்டு, மூளை இவ்வேலையை நம்மைக் கேளாமலே நடத்துகிறது. பாதங்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நின்றால் ஆட்டம் கூடுவதை எவரும் உணரலாம். 19-ஆம் நூற்றாண்டில் பெர்லின் வைத்தியர் ராம்பெர்க் விவரித்த இக்குறியை இன்றும் வைத்தியர்கள் சோதித்துப் பார்க்கிறார்கள்.

கேளாமல் நடக்கும் காரியத்தில் நாம் வலியத் தலையிட்டால் என்ன ஆகும்? காப்ரியேலே வுல்ஃப் அம்மையாரும் சகாக்களும் 2001-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. இருபுறமும் சாயும் பலகைமேல் நின்று பழகியவர்களில் சிலரை, தங்கள் பாதங்களைச் சமமாக வைக்க முயலுமாறு சொன்னார்கள். மற்றவர்களைப் பலகையில் இட்ட குறிகளைச் சமமாக வைக்கச் சொன்னார்கள். பலகை ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். ஆயினும் குறிகளை நினைத்தவர்களே நன்றாகத் தேறினார்கள்! தன் காலையே நினைப்பவன், உடல் தானாகச் செய்யும் திருத்தங்களுக்குக் குறுக்கே வருகிறான் என்பது அவர்கள் கொள்கை.

பயமும் இத்தகையதே. உயரமான மேடையின் விளிம்பில் நிற்பவரின் உடல் விறைத்து, குறுகிய அசைவுகளாக விரைந்து ஆடுகிறது. ஒரு முறை விழுந்தெழுந்த பாட்டியிடம் வீட்டார் மூச்சுக்கு மூச்சு "காலைப் பார்த்து, காலைப் பார்த்து" என்பது அன்பினால்தான். ஆனால் அதனால் வளர்வது பயமே என்பது நம் அபிப்பிராயம்.

அதற்காகக் கவனமே வேண்டாமென்று கொள்வதும் பிசகு. பார்வையும் உள்ளங்கால் உணர்ச்சியும் மங்கிய முதியவர்களுக்கு நிற்பதற்கே மனத்தின் ஒரு பங்கு செலவாகிறது. நடக்கையில் பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் முதியவர்களே பின்னர் அதிகம் விழுந்தார்கள் என்று 1997-ல் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆகையால் தாத்தா ஈரத் தரையில் நின்று வேஷ்டி உடுத்தும்போது மளிகைக் கணக்குக் கேளாதிருப்பது நலம்.

அவர் கைக்கெட்டும் இடத்தில் உறுதியான கம்பி ஒன்று இருக்கட்டும். வழுக்கினால் பற்றிக்கொள்ள அது வேண்டும். வழுக்காத வேளையிலும் அதற்கு உபயோகம் உண்டு. லாக்னர், ஜெகா என்போர் 1990-களில் செய்த சோதனைகளில், பாரத்தைத் தாங்காத அளவுக்கு விரல் நுனி லேசாகப் பட்டபோதே நிற்பவரின் ஆட்டம் குறைந்தது.