படிக்காத பயணச்சீட்டு

என் அத்தைக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. திருச்சிக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்து, அதே வட்டாரத்தில் வாழ்க்கைப்பட்டு, வேளாங்கண்ணிக்கு அப்பால் பயணம் சென்றறியாதவர். துபாயில் செவிலியராகப் பணிபுரியும் அவருடைய ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். "அந்த வேளையில் அம்மா என் அருகில் இருக்க வேண்டும்" என்று மகள் கேட்டுக்கொண்டாள். கடவுச்சீட்டு எடுத்தோம், விசாவும் வந்தது. மருமகன் அங்கிருந்தபடியே ஒரு பயண முகவர் வழியாக விமானச் சீட்டை வாங்கி அனுப்பினார். அதை அச்சிட்டு மடித்து என் பையில் பத்திரப்படுத்தினேன். பத்து நாட்கள் அது அங்கேயே கிடந்தது. நாளையும் நேரத்தையும் பார்த்தேனேயன்றி, பெயரைப் படிக்கவில்லை.

புறப்பட வேண்டிய இரவு. விமான நிலைய முகப்பில் அமர்ந்திருந்த இளைஞர் கடவுச்சீட்டையும் பயணச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயா, இரண்டிலும் வெவ்வேறு பெயர் இருக்கிறதே!" என்றார்.

அத்தை திருமுழுக்கில் பெற்றது புனித அந்தோணியாரின் பெயர். கடவுச்சீட்டில் இருந்ததும் அதுவே. ஆனால் ஊரும் உறவும் அவரை அழைப்பது மாதாவின் பெயரால். மகளின் திருமண அழைப்பிதழிலும் அப்பெயரே அச்சாகியிருந்தது. மருமகன் தாம் அறிந்த பெயரை நல்லெண்ணத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"இரண்டும் நான்தானே, தம்பி?" என்று அத்தை அந்த இளைஞரைக் கேட்டார்.

"நான் நம்புகிறேன், அம்மா. ஆனால் இந்தச் சீட்டில் உங்களை அனுப்ப எனக்கு அதிகாரமில்லை" என்றார் அவர். நள்ளிரவில் முகவரின் தொலைபேசியை எடுப்பார் யாருமில்லை. விமானம் சென்றுவிட்டது. பொழுது விடியும் வேளையில், விமான நிலைய நாற்காலியில் அமர்ந்திருந்த அத்தைக்குப் பேரன் பிறந்த செய்தி வந்தது. "அவள் தனியாகத் துடித்திருப்பாளே" என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. என்னைக் கடிந்துகொண்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒருவருக்கு எத்தனை பெயர்கள்!

இத்தகைய குழப்பத்திற்கு நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் இடம் அதிகம். பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும் அழைத்த மரபு நம்முடையது. திருமுழுக்குப் பதிவேட்டில் அருளப்பன், பள்ளிச் சான்றிதழில் ஜான், வீட்டில் வேறொரு செல்லப் பெயர் என்று ஒருவரே மூவராக வாழ்வதுண்டு. பெயர் ஒன்றேயானாலும் ஆங்கிலத்தில் எழுதும் முறை பலவாகும். அந்தோணி என்பதை 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறோம். சூசை என்பதை 'யு' இட்டு எழுதுவோரும் உளர். இரண்டு 'ஓ' இட்டு எழுதுவோரும் உளர்.

விமானப் பயணத்தில் இவ்வேறுபாடுகளுக்கு இடமில்லை. கடவுச்சீட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில், இயந்திரம் படிப்பதற்கென்றே இரண்டு வரிகள் உள்ளன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த முறைப்படி ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். முதல் வரியில் பெயருக்கு 39 இடங்கள். இயந்திரத்திற்குத் தெரிந்த பெயர் அது ஒன்றே. பயணச்சீட்டும் விசாவும் அதனோடு ஒத்திருக்க வேண்டும்.

தலைப்பெழுத்தோடு எழுதும் நம் வழக்கமும் சிக்கல் தருவது. கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்னும் இடத்தை வெறுமையாக விட்டவர்களும் நம்மில் உண்டு. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு பார்வையாளராக வருவோரை அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது பலர் திகைத்தனர். கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் வந்தது. ஒற்றைப் பெயர் உடையோர் சீட்டு வாங்குமுன், அதை எவ்வாறு எழுத வேண்டும் என்று அந்த விமான நிறுவனத்தையே கேட்டறிதல் நலம். நிறுவனத்திற்கு நிறுவனம் முறை மாறுகிறது.

பிழை கண்டால் செய்வதென்ன?

முதலில், எது பிழை என்று அறிய வேண்டும். பயணச்சீட்டில் குடும்பப் பெயர் முன்னால் வரும். இரு சொற்கள் இடைவெளியின்றி ஒட்டியிருக்கும். திரு, திருமதி என்பவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளும் பெயரின் வாலாகச் சேர்ந்திருக்கும். இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. எழுத்து மாறியிருப்பதும், பெயரே மாறியிருப்பதும்தான் பிழை.

இரண்டாவது, காலம் தாழ்த்தலாகாது. பதிவு செய்த 24 மணி நேரத்திற்குள் பிழையைச் சுட்டிக்காட்டினால், அதே நபரின் பெயரைத் திருத்தக் கூடுதல் கட்டணம் பெறக்கூடாது என்று 2019இல் இந்திய அரசு வெளியிட்ட விமானப் பயணிகள் சாசனம் கூறுகிறது. பத்து நாட்கள் பையில் உறங்கிய சீட்டுக்கு அச்சலுகை ஏது?

மூன்றாவது, சீட்டை யாரிடம் வாங்கினோமோ அவரிடமே முதலில் செல்ல வேண்டும். முகவர் வழி வாங்கிய சீட்டைப் பெரும்பாலும் முகவர் வழியேதான் திருத்த இயலும். "இது வேறொருவருக்கு மாற்றித் தருவதன்று, அதே நபரின் பெயர்த் திருத்தம்" என்று தெளிவாகச் சொல்லி, கடவுச்சீட்டின் நகலைக் கொடுக்க வேண்டும். விமானச் சீட்டை ஒருவர் பெயரிலிருந்து மற்றொருவர் பெயருக்கு மாற்றப் பொதுவாக இசையமாட்டார்கள். ஆகவே இவ்வேறுபாட்டைச் சொல்லுவது அவசியம். பதற்றத்தில் நாமே சீட்டை ரத்து செய்துவிடலாகாது. ரத்துக் கட்டணமும் புதிய சீட்டின் விலையும் சேர்ந்து, திருத்தக் கட்டணத்தை மிஞ்சிவிடக்கூடும். வழியில் வேறு நிறுவனத்தின் விமானத்திற்கு மாற வேண்டியிருந்தால், அங்கும் திருத்தம் பதிவாயிற்றா என்று கேட்க வேண்டும்.

எங்களுக்கு மறுநாள் முகவர் அலுவலகம் திறந்தபின் வழி பிறந்தது. கட்டணமும் விலை வேறுபாடும் செலுத்தினோம். அன்றிரவே அத்தை புறப்பட்டார். செலுத்திய பணம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. மகளுக்குத் தாய் தேவைப்பட்ட அந்த ஓர் இரவை எந்தக் கட்டணத்தாலும் திரும்பப் பெற முடியவில்லை.

பெற்றோர்களே, இதன் வேர் நம் இல்லங்களில் இருக்கிறது. குழந்தை பிறந்ததும் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறையை ஒருமுறை முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழ், திருமுழுக்குப் பதிவேடு, பள்ளிப் பதிவு, ஆதார் அனைத்திலும் அவ்வாறே எழுதுங்கள். முன்னரே முரண்பட்டிருந்தால் இப்போதே திருத்துங்கள். பெயரையே மாற்ற வேண்டியவர்கள் தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வெளியிடலாம். பயணச்சீட்டு கைக்கு வந்த அன்றே, ஒருவர் கடவுச்சீட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் எழுத்தெழுத்தாக உரக்கப் படியுங்கள். ஐந்து நிமிட வேலை அது.

சில மாதங்களுக்குப் பின் பேரனுக்கு எங்கள் பங்கு ஆலயத்தில் திருமுழுக்கு நடந்தது. பதிவேட்டில் பெயர் எழுதும் வேளையில், அத்தை குழந்தையின் பிறப்புச் சான்றிதழை என்னிடம் நீட்டினார். "ஒவ்வோர் எழுத்தாகப் படி, ஐயா. சாமி எழுதட்டும்" என்றார். படித்தேன்.