வெளிநாட்டில் பயின்ற மருத்துவரை நம்பலாமா?

நோயாளிகளின் உறவினர் சிலர் தயக்கத்துடன் எழுப்பும் வினா இது; நியாயமான வினாவும்கூட.

அயல்நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற இந்தியர், தாயகம் திரும்பியவுடன் மருத்துவம் பார்க்க இயலாது. பொதுவாக, 2002ஆம் ஆண்டு முதல் நடைபெறும் தகுதித் தேர்வில் அவர் தேற வேண்டும். 300 வினாக்களுள் குறைந்தது 150க்குச் சரியாக விடையளித்தால்தான் தேர்ச்சி. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின் கீழ்ப் பயில்வோர், அயல்நாட்டில் 54 மாதப் படிப்பும் 12 மாதப் பயிற்சியும் முடித்து, இங்கும் 12 மாதம் பயிற்சி பெற வேண்டும்.

இந்தப் பயிற்சிக் காலத்தில் அவர் தற்காலிகப் பதிவுடன், மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் பணிபுரிவார். அயல்மொழிச் சூழலில் பயின்றவர், டெங்கு, காசநோய், பாம்புக்கடி போன்றவற்றை அருகிருந்து கவனிக்கவும், “நெஞ்சு கரிக்கிறது”, “கிறுகிறுக்கிறது” என நம் மக்கள் கூறுவதன் பொருளை உணரவும் இக்காலமே உதவுகிறது. ஆகவே, அவர் ஒரே கேள்வியை மீண்டும் கேட்டால் பொறுமையுடன் விடையளியுங்கள்.

பயிற்சி நிறைவுற்று நிரந்தரப் பதிவு பெற்றபின், உள்நாட்டில் பயின்றவருக்கும் அவருக்கும் சட்டத்தின் முன் வேறுபாடில்லை. ஐயம் இருப்பின், எந்த மருத்துவரிடமும் பதிவு எண்ணைக் கேட்டு, மாநில மருத்துவ மன்றத்தில் சரிபார்க்கலாம். அவ்வாறு கேட்பது அவமதிப்பன்று, உங்கள் உரிமை.