நோயுற்ற பவளம் தேறும் வகை

நம் நகரத்துக் காந்தி மார்க்கெட்டில் வெற்றிலை வாங்குவோர் உடன் சிறிது சுண்ணாம்பும் வாங்கிச் செல்வது வழக்கம். கிளிஞ்சலையேனும் சுண்ணாம்புக்கல்லையேனும் சூளையிலிட்டு நீற்றிப் பெறுவது அது. கிளிஞ்சலும் அக்கல்லும் எப்பொருளால் ஆயினவோ, அப்பொருளாலேயே பவளப்பாறையும் ஆயது. அன்றியும், நம் மாவட்டத்துக் கல்லக்குடியில் 1939இல் சிமெண்டு ஆலை தோன்றுவதற்குக் காரணமாயிருந்த சுண்ணாம்புக்கல்லில் ஒரு பகுதி, ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்குப் பரவியிருந்த கடலிலே பவளங்களும் பாசிகளும் சேர்ந்து கட்டிய பாறையேயாம். ஆதலின், கடற்கரைக்குச் சேய்மையில் வாழும் நாம் பவளத்தின் நோயையும் அது தீரும் வகையையும் ஆராய்தல் பொருத்தமற்றதன்று.

பவளம் என்றவுடன் நவமணிகளுள் ஒன்றாகிய செம்பவளமே பலர் நினைவிற்கு வரும். அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலினின்று வருவது. நாம் ஈண்டுக் கூறப்புகுவது, இராமநாதபுரக் கரையார் முருகைக்கல் என வழங்கும் பாறைப் பவளத்தையே. இதனைக் கட்டும் சிற்றுயிரைப் பவளப்பூச்சி என்பர். பெயர் அவ்வாறிருப்பினும் அது பூச்சியன்று, கடற்சாமந்தியின் இனத்தது. மெல்லிய உடலும், வாயைச் சுற்றிய உணர்கொம்புகளும் உடைய அது, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கவர்ந்து, தன்னடியில் கல்லிருக்கை சமைத்துக்கொள்ளும். அதன் தசையினுள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை கதிரொளியால் உணவு சமைத்துப் பெரும்பகுதியை வீட்டுக்காரனாகிய பவளத்திற்கு ஈகின்றன. பவளத்தின் தவிட்டு நிறமும் பசுமையும் பெரிதும் இப்பாசியாலாயவை.

பவளத்திற்கு உண்டாகும் கேட்டினை இருவகையாகக் கொள்ளலாம். ஒன்று, முறிவும் தசைக்கிழிவும் ஆகிய புண். மற்றொன்று வெளுப்பு. நீரின் வெம்மை மிகின் பவளம் தன்னுள்ளிருக்கும் பாசியை வெளியேற்றிவிடும். கண்ணாடி போன்ற தசையினூடே வெள்ளிய கல் தோன்றும். வெளுத்தது இறந்ததென்று பலர் மயங்குவர். அஃது உண்மையன்று. தசை இருக்குமளவும் உயிர் உளது. வெம்மை விரைவில் தணியின் பாசி மீண்டும் குடிபுகும். தசை கழன்று, வெறுங்கல்லின்மேல் வேறு பாசி படர்ந்துவிட்டால் அப்பகுதி இறந்ததென்று துணியலாம்.

மேனாடுகளில், வளர்ப்புப் பண்ணைகளிற் பெருக்கிய பவளத்தைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பேணுவோர் பலர் உளர். அவர்தம் மருத்துவ முறை அறியத்தக்கது. முதற்கண் மருந்தை நாடாது காரணத்தை நாடுவர். நீரின் உப்பு ஆயிரத்திற்கு 35 பங்கு அளவிலும், வெம்மை 25 முதல் 27 சென்டிகிரேடு பாகையிலும் நிற்கின்றதா, அம்மோனியா இல்லாதிருக்கின்றதா என்று சோதிப்பர். கல் கட்டுதற்கு வேண்டிய கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரை இருத்தல் நன்று. குறை காணின் அதனைச் சிறிது சிறிதாகவே திருத்தல் வேண்டும். திடீர் மாற்றம் நோயினும் கொடிது.

தசை ஓரிடத்திலிருந்து அழிந்துகொண்டே வருமாயின், நலமுள்ள பகுதியில் சிறிது உட்புகுந்து கிளையைத் தறித்து, நல்ல துண்டினை வேறு கல்லில் பசையிட்டு நிறுத்துவர். புண்பட்ட இடத்தில் பாசி படர்தற்கு முன்னரே தசை அதனை மூடிவிடல் வேண்டும். ஆதலின் நீரோட்டம் இடையறாது, ஆயினும் புண்ணைத் தாக்காது, மெல்லெனச் செல்லுமாறு அமைப்பர். வெளுத்த பவளத்திற்கு ஒளியைக் குறைத்து, உணர்கொம்புகள் விரியும் இரவில் நுண்ணிய இரை ஊட்டுவர். பின்னர் அதனைத் தொடாது காத்திருத்தலே மருந்து. தேறுதற்கு வாரங்களும் திங்களும் ஆகும்.

நம் நாட்டில் இக்கலையை வீட்டில் பயிலலாமோ எனின், ஆகாது. பாறைப் பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலினின்று எடுத்தலும் விற்றலும் குற்றம். இத்தடை காரணமின்றி வந்ததன்று. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்த முருகைக்கல்லைச் சுண்ணாம்பிற்கும் கட்டடத்திற்குமாக நெடுங்காலம் பெயர்த்தனர். அங்கிருந்த 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டும் நீருள் மூழ்கின. அரணாயிருந்த பாறையைப் பெயர்த்ததும் அதற்கு ஒரு காரணம்.

ஆயினும் தொட்டியில் செய்யும் மருத்துவத்தையே கடலிற் செய்வார் நம்மிடையே உளர். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் இப்பணியில் ஈடுபட்டனர். நலமுள்ள பவளத்தினின்று சிறு துண்டுகளைக் கொணர்ந்து, சிமெண்டுப் பலகையிற் பிணித்துக் கடலடியிற் சட்டங்களின்மேல் நிறுத்துவர். மான்கொம்பு போற் கிளைக்கும் வகைகள் விரைந்து வளர்வதால் அவற்றையே மிகுதியும் தேர்வர். பாசியை அகற்றலும், நட்டதை அடிக்கடி சென்று காண்டலும் தொட்டியிற் போலவே இங்கும் வேண்டும். குருசடைத் தீவில், வளர்ப்பிற்காகக் கொணர்ந்த அயல்நாட்டுக் கடற்பாசி உயிர்ப்பவளத்தின்மேல் போர்வை போற் படர்ந்தமை 2008இல் வெளிப்பட்டது. அதனைக் கையாற் களைதலே வழியாயிற்று.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. தொட்டி நீர் சூடேறின் குளிர்விக்கலாம். கடலைக் குளிர்விக்கும் பொறி நம்மிடம் இல்லை. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடா வெப்பமுற்றுப் பவளம் பரவலாக வெளுத்தது. 2016இல் மட்டும் கடலடியில் உயிர்ப்பவளம் மூடியிருந்த பரப்பு நூற்றுக்கு 39 என்னும் அளவினின்று 23 அளவிற்குக் குறைந்ததென ஆராய்ந்தோர் கணித்தனர். பல்லாண்டு நட்டதை ஒரு கோடை அழிக்கக்கூடும். எனவே புவி வெப்பத்தைக் குறையாது துண்டு நடுதல் மட்டும் போதாது. நடுதலை விடுதலும் தகாது. அவ்வாறு தேறி நிற்கும் கிளைகளே நாளைக்கு வித்தாகும்.

நம் மாணவர் இதிற் செய்யத்தக்கதும் உண்டு. இராமேசுவரத்திற்குச் சுற்றுலாச் செல்லுங்கால் பவளக் கல்லை அழகுப்பொருளாக வாங்காதிருத்தலும், ஆழங்குறைந்த நீரில் பாறையை மிதியாதிருத்தலும், படகோட்டுவோர் அதன்மேல் நங்கூரம் இடாவாறு வேண்டிக்கோடலும் எளியனவே. விலங்கியல் பயில்வோர் ஒரு படி மேற்சென்று, கடலடி அளவைப் பணிகளிற் பயிற்சி பெறலாம். கல்லக்குடியிலுள்ள பவளத்தை உயிர்ப்பிக்க எவராலும் இயலாது. மன்னார்க் கடலிலுள்ளது இன்னும் உயிரோடுளது; அதனைக் காத்தல் நம் தலைமுறையின் கடனாகும்.