இரண்டு நாளுக்கு ஒரு தலைநகரம் போதும்

ஜலகண்டாபுரம், தாரமங்கலம், ஓமலூர் வட்டாரத்தில் டூர் என்றால் வேன்தான். தெருவில் நாலைந்து குடும்பம் சேர்ந்து முன்பணம் கொடுத்து, வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டு ஏறினால் திங்கட்கிழமை விடிவதற்குள் வீடு. அதற்குள் நவக்கிரகக் கோயில் ஒன்பது, கும்பகோணத்தில் இரண்டு மூன்று, போகிற வழியில் சமயபுரம், ஸ்ரீரங்கம், கூடவே தஞ்சாவூர்ப் பெரிய கோயில். பட்டியலில் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதுதான் எல்லாருடைய கவலையும். அந்தக் கவலையை விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. கையில் இருப்பது இரண்டே நாள் என்றால் ஒரே ஊருக்குப் போக வேண்டும். அது பழைய தலைநகரமாக இருக்க வேண்டும். இரண்டு இரவு அங்கேயே தங்க வேண்டும். சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களுக்கு அப்படிப்பட்ட ஊர் தஞ்சாவூர்.

இரண்டு நாள் என்பது நம் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. தறிக்காரக் குடும்பத்துக்கு நெய்த அளவுக்குத்தான் கூலி. தறி நின்ற நாளுக்கு ஒன்றும் இல்லை. மாதச் சம்பளக்காரருக்குக் கிடைக்கிற லீவு இவர்களுக்குக் கிடையாது. வெளியூரில் கழிகிற ஒவ்வொரு நாளும் சொந்தக் கையிலிருந்து எடுத்து வைத்த நாள். அந்த நாளை வேன் சீட்டில் தூங்கி வழிந்து செலவழிக்கலாமா என்பதுதான் கேள்வி. ஒன்பது கிரகத் தலங்களும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இல்லை. திங்களூர் திருவையாற்றுப் பக்கம். கீழப்பெரும்பள்ளம் பூம்புகார்ப் பக்கம். திருநள்ளாறு மாநில எல்லையைத் தாண்டிக் காரைக்காலில். அதோடு, காவிரி டெல்டாவில் பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறப்பது நாலு மணிக்கு. பகலில் ஏறத்தாழ நாலு மணி நேரம் கோயில் வாசலில் நிழல் தேடுவதிலோ சாலையிலோ போய்விடும். இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. ஊர் எத்தனை என்று எண்ணுகிறார்களே தவிர, ஊருக்குள் எத்தனை மணி நேரம் என்று எண்ணுவதில்லை.

ஒரே ஊரில் தங்கினால் அந்த நாலு மணி நேரம் வீணாகாது. தஞ்சாவூரில் காலையும் மாலையும் கோயிலுக்கு, நடுப்பகல் அரண்மனைக்கு என்று நாள் தானாகவே பிரிந்துகொள்கிறது. கோயிலில் சன்னதி மூடியிருக்கும் நேரத்தில் அரண்மனைக் கலைக்கூடம் திறந்திருக்கிறது. தலைக்கு மேல் கூரையும் உண்டு. உலகத்தில் பழைய தலைநகரங்களைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கற்றுக்கொள்வது இந்தக் கணக்கைத்தான். ரோம் நகரத்து போர்கேஸே கலைக்கூடத்தில் முன்பதிவு செய்து, குறித்த நேரத்தில் போனால் இரண்டு மணி நேரம்தான் உள்ளே இருக்க முடியும். வாட்டிகன் அருங்காட்சியகம் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் கிடையாது. பாரிஸில் லூவ்ருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எது எப்போது திறந்திருக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அங்கே டிக்கெட்டே எடுக்கிறார்கள். நம் ஊர்க் குடும்பங்களிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் இப்போது ஐரோப்பா போய் வருகிறார்கள். பத்து நாளில் ஏழு நாடு என்கிற பேக்கேஜும் நம் நவக்கிரக வேனும் ஒரே யோசனையில் பிறந்தவைதான்.

பழைய தலைநகரம் என்று ஏன் வற்புறுத்த வேண்டும்? ஒரு கோயிலோ ஒரு அருவியோ பார்த்தால் அதை மட்டும்தான் பார்க்கிறோம். தலைநகரத்தில் ஓர் அரசு தன் வசதிக்குச் சேர்த்து வைத்த எல்லாமே இருக்கும்: கோயில், கோட்டை, அகழி, குளம், தெரு, நூலகம், கைத்தொழில். அதிலும் தஞ்சாவூர் பல கை மாறிய தலைநகரம். 850 வாக்கில் விஜயாலய சோழன் முத்தரையரிடமிருந்து பிடித்தான். ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தலைநகரை மாற்றிய பிறகும் ஊர் செத்துப்போகவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் நாயக்கர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். 1676 முதல் 1855 வரை மராத்தியர்கள். ராஜேந்திரன் கட்டிய தலைநகரமோ இன்றைக்குக் கோயிலைச் சுற்றி ஒரு கிராமம். சோழர் தலைநகரம் ஒன்றைத் தெருவோடும் கடையோடும் பார்க்க வேண்டுமென்றால் தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டும்.

பெரிய கோயிலுக்கு வேன் கூட்டம் கொடுக்கிற நேரம் பெரும்பாலும் முக்கால் மணி. அதற்குள் கிடைப்பது வழிகாட்டி சொல்லும் கதை. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதையைக் கேட்காமல் யாரும் திரும்புவதில்லை. நிழல் விழுகிறது. ஏறத்தாழ இருநூறு அடி உயரக் கட்டடத்துக்கு அடியில் நூறு அடி அகலம். உச்சிவெயிலில் நிழல் கட்டடத்தின் மேலேயே அடங்கிவிடுவதால் வந்த பேச்சு அது. காலையில் வந்து நின்றால் மேற்கே நீண்டு கிடக்கும். அதே நாள் மாலையில் வந்தால் கிழக்கே திரும்பியிருக்கும். ஒரு நாளில் இரண்டு தடவை போகிறவர் பார்த்துத் தெரிந்துகொள்வார். ஒரு தடவை போகிறவர் கேட்டு நம்புவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எந்த டூரிலும் கிடைக்காது.

சுவரில் இருக்கிற எழுத்துக்கும் நேரம் வேண்டும். கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழனின் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், 275ஆம் நாளில் விமானத்துக் கலசம் கொடுக்கப்பட்டது என்று நாள் கணக்கோடு கல்லில் இருக்கிறது. அதை வைத்துத்தான் 1010 என்று சொல்கிறோம். அதைவிட என்னை ஈர்ப்பது தளிச்சேரிப் பெண்களின் பட்டியல். சோழநாட்டுக் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட நானூறு ஆடல் பெண்கள். ஒவ்வொருவர் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதன் தொடர்ச்சியிலேயே கணக்கர், தையற்காரர், நாவிதர், தச்சர் எல்லாருக்கும் பங்கு. பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் கல்லில் நிற்கிறது. வேலை செய்தவரின் பெயரையும் கூலியையும் இவ்வளவு துல்லியமாகக் கல்லில் ஏற்றிய அரசை, கூலிக்கு நெய்கிற ஊர்க்காரர்கள் நின்று பார்க்க வேண்டும். எல்லாரும் படித்துவிட முடியாதுதான், எழுத்து பழையது. ஆனால் அதிட்டானம் என்கிற அடிப்பீடத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் வரி வரியாக ஓடும் அந்த எழுத்தைக் கண்ணால் பின்தொடர்ந்து ஒரு சுற்று வந்தாலே இது கோயில் மட்டுமல்ல, ஒரு கணக்குப் புத்தகமும்தான் என்று புரிந்துவிடும். நந்தியும் சுப்பிரமணியர் சன்னதியும் நாயக்கர் காலத்தவை. அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது. திருச்சுற்றுச் சுவரில் 1803இல் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி மராத்தியில் வெட்டவைத்த போன்ஸ்லே வம்ச வரலாறு. ஒரே முற்றத்தில் நாலு அரசு. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்த சோழர் ஓவியங்கள் பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. அதை எதிர்பார்த்துப் போய் ஏமாற வேண்டாம்.

நடுப்பகலில் அரண்மனை. கலைக்கூடத்தில் வரிசையாக நிற்கும் செப்புத் திருமேனிகளில் எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டியதில்லை. காளை மேல் சாய்ந்து நிற்கும் சிவனான திருவெண்காட்டு ரிஷபவாகனரிடம் போய் நின்றால் போதும். பெரிய கோயில் முடிந்த அடுத்த ஆண்டு, 1011இல் செய்தது. காளை காணாமல் போய்விட்டது. ஆனாலும் ஒரு கை காளையின் மேல் சாய்ந்தபடியே காற்றில் நிற்கிறது. ஒரு கால் மற்றதன் குறுக்கே தளர்ந்திருக்கிறது. சடை தலைப்பாகை போலச் சுற்றியிருக்கிறது, அதில் பாம்பு. உடம்பின் பாரம் முழுவதும் இல்லாத அந்தக் காளையின் மேல் இருப்பதாகவே கண் நம்புகிறது. பக்கத்தில் தேவி, அடுத்த ஆண்டு வார்த்தது. முன்னால் ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை என்று நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டிய உருவம் இது. அதே வளாகத்தில் சரஸ்வதி மகால்: ஓலைச்சுவடிகள், மராத்தியர் கால மோடி எழுத்து ஆவணங்கள், சரபோஜி வாங்கிச் சேர்த்த ஐரோப்பியப் புத்தகங்கள். சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779இல் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் கட்டிய தேவாலயம். அதற்குள், சாகக் கிடக்கும் ஷ்வார்ட்ஸைச் சரபோஜி பார்க்க வந்த காட்சி வெள்ளைப் பளிங்கில். செதுக்கியவர் ஜான் ஃப்ளாக்ஸ்மன். லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் நெல்சன் நினைவுச் சின்னத்தைச் செய்தவரும் அவரே. லண்டனுக்குப் போகாமலே அவர் கைவேலையைப் பார்க்கலாம்.

மறுப்புகள் உண்டு. நவக்கிரகம் பரிகாரத்துக்குப் போவது, ஊர் பார்க்க அல்ல என்பார்கள். சரியான பேச்சு. நேர்த்திக்குப் போகிறவர் நேர்த்திக்குப் போகட்டும். அதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் நேர்த்தியையும் ஊர் பார்ப்பதையும் ஒரே வேனில் ஏற்றும்போது இரண்டும் கெடுகின்றன: சாமி முன்னால் நிற்க நிமிஷம் இல்லை, சிற்பத்தின் முன்னால் நிற்கவும் இல்லை. பணத்தைப் பற்றிய மறுப்பு இன்னும் வலுவானது. இருபது பேர் பங்கு போட்ட வேனை விட, நாலு பேர் பஸ்ஸில் போய் இரண்டு இரவு லாட்ஜில் தங்குவது மலிவு என்று சொல்ல மாட்டேன். பல சமயம் கூடத்தான் ஆகும். ஆனால் தறி நின்ற இரண்டு நாள் கூலியையும் செலவில் சேர்த்துக்கொண்டால், அந்தச் செலவுக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்விதான் முக்கியம். பெரியவர்களால் நடக்க முடியாதே என்றால், பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அறை எடுத்தால் கோயிலும் அரண்மனையும் கூப்பிடு தூரம், ஆட்டோ போதும். முடியாதவர் மதியம் அறையில் படுத்திருந்துவிட்டு மாலையில் வரலாம். வேனில் அந்த வசதி இல்லை. பிள்ளைகளுக்குத் தலையாட்டி பொம்மை இருக்கிறது. அரண்மனையில் திமிங்கல எலும்புக்கூடே இருக்கிறது.

தஞ்சாவூர் எதற்கு, தாரமங்கலமே இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதலில் அங்கேதான் போக வேண்டும். இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகளின் ஊர். ஜலகண்டாபுரத்திலிருந்து டவுன் பஸ் தூரம். கைலாசநாதர் கோயிலில் வாலியும் ராமனும் வெவ்வேறு தூணில் இருக்கிறார்கள். ராமன் நிற்கும் இடத்திலிருந்து வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து ராமன் தெரியமாட்டான். இங்கே நின்று பார்த்து, அங்கே போய்த் திரும்பிப் பார்த்தால்தான் சிற்பியின் யோசனை விளங்கும். அரைநாள் இதில் செலவழித்துப் பழகிய குடும்பத்துக்குத் தஞ்சாவூரில் ஒரே கோயிலில் இரண்டு வேளை எப்படிப் போகும் என்ற பயம் இருக்காது. நம்மையும் தஞ்சாவூரையும் சேர்க்கிற இன்னொன்றும் உண்டு. 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டிய கல்லணைக் கால்வாய், தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்கிறார்களே, அது பெரிய கோயிலை ஒட்டித்தான் ஓடுகிறது. ஜூன் 12ஆம் தேதி வழக்கப்படி அணை திறந்தால், நம் பக்கத்திலிருந்து புறப்பட்ட தண்ணீர் அந்த மதிலோரம் போகிறது.

போக்குவரத்து எளிது. சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து நாமக்கல், முசிறி வழியாகத் திருச்சி சுமார் 140 கிலோமீட்டர். அங்கிருந்து தஞ்சாவூர் 55. வெள்ளி மதியம் கிளம்பினால் இரவுக்குள் அறை. சனி, ஞாயிறு ஊருக்குள். ஞாயிறு மாலை திரும்பினால் திங்கட்கிழமை தறியில் உட்காரலாம். சித்திரை, வைகாசி வேண்டாம். வெறுங்காலோடு அந்தக் கல்தரையில் நடக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழை. ஐப்பசிச் சதயத்தில் ராஜராஜன் விழாக் கூட்டமும் சேரும். மார்கழியும் தையும் நல்லது, பொங்கல் விடுமுறை நாட்களைத் தவிர்த்து. கலைக்கூடம், சரஸ்வதி மகால் இரண்டுக்கும் வார விடுமுறை எது என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் போய்விட்டுத் தாராசுரம் பார்க்காமல் வருவதா என்று உறவுக்காரர் ஒருவர் கட்டாயம் சொல்வார். தாராசுரம் நல்ல கோயில்தான். இந்தத் தடவை வேண்டாம். அதற்கென்று இன்னொரு இரண்டு நாள் ஒதுக்கிப் போங்கள்.