கேமரன் மலையில் கோல்ஃப்

கோல்ஃப் விளையாடுவதற்காக மலையேற வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். ஆங்கிலேயர்கள் வெப்பத்திலிருந்து தப்பிக்க மலைகளில் ஓய்வூர்களை அமைத்தபோது, பல இடங்களில் கோல்ஃப் திடலையும் சேர்த்தே அமைத்தனர். உதகமண்டலம், கொடைக்கானல், இலங்கையின் நுவரெலியா ஆகிய ஊர்களில் அத்திடல்கள் இன்றும் உள்ளன. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையும் இந்த வரிசையைச் சேர்ந்ததே.

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப்பகுதியை ஆராய்ந்தார். எனினும், 1920களில்தான் இங்கு ஓய்வூர் அமைக்கும் முயற்சி தொடங்கியது. பின்னர், தாப்பாவிலிருந்து சாலை வந்தது. 1929இல் போ தேயிலை நிறுவனம் தோன்றியது. கோல்ஃப் திடலும் 1930களில் உருவானது. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்கில் அமைந்த அத்திடலில் இன்று 18 குழிகள் உள்ளன.

இங்கு விளையாட வருவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது நேரத்தைத்தான். மலையில் பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை பெய்யும். 18 குழிகளையும் ஆடி முடிக்க நான்கு மணி நேரத்திற்கு மேலாகும். ஆகவே, காலையிலேயே ஆட்டத்தைத் தொடங்குவது நல்லது. இடி முழங்கினால் ஆட்டத்தை உடனே நிறுத்திவிட்டுக் கட்டடத்திற்குள் சென்றுவிட வேண்டும். திறந்த வெளியில் உலோக மட்டையுடன் நிற்பதும், மரத்தடியில் ஒதுங்குவதும் மின்னலை வரவேற்பதற்குச் சமம்.

சமவெளியில் ஆடிப் பழகியவர்களுக்கு இங்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் பந்தைத் தடுக்கும் விசையும் குறைந்து, அதே அடியில் பந்து சற்றுக் கூடுதல் தூரம் பறக்கும். ஆனால், தரையில் விழுந்த பிறகு ஈரப்புல் அதனை அதிகம் உருளவிடாது. இவ்விரண்டையும் கணக்கிட்டு மட்டையைத் தேர்ந்தெடுப்பதில்தான் மலைத்திடலின் சுவையே இருக்கிறது.

குடும்பத்தில் ஒருவர் மட்டும் விளையாடுபவராக இருந்தால், மற்றவர்கள் அரைநாள் முழுவதும் காத்திருப்பதா? இதை எண்ணாமல் போடும் திட்டம் நல்ல திட்டமாகாது. அந்த நேரத்தில் அவர்கள் பிரிஞ்சாங்கிற்கு அருகிலுள்ள சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்று வரலாம். தோட்டத்துச் சாலை மிகக் குறுகலானது. விடுமுறை நாளில் வாகனங்கள் நகரவே நகரா. தேயிலை நிலையம் திறந்திருக்கும் நாளையும் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் காட்சியளிக்கும் இச்சரிவுகள் தாமாகவே உருவானவை அல்ல. அடர்ந்த காட்டை அழித்து, செங்குத்தான சரிவுகளில் தேயிலை நட்டவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர். குளிரும் மழையும் அவர்களுக்கு விடுமுறைச் சுகமாக இருக்கவில்லை. இன்று பல இடங்களில் இயந்திரங்களைக் கொண்டே கொழுந்து அறுக்கிறார்கள். தொழிலாளர்களில் பலர் வெளிநாட்டினர். படம் எடுப்பதற்காகச் செடிகளுக்குள் புகுந்து கிளைகளை முறிப்போர், அது பிறருடைய பிழைப்பு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மழைக்காலத்தில் பயணத்தைத் தள்ளிப்போடவும் தயங்கக்கூடாது. பொதுவாக அக்டோபர், நவம்பர் மாதங்களில் இங்கு மழை மிகுதி. 2013 அக்டோபரில் கனமழைக்குப்பின் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. சரிவுகளில் காடு அழிக்கப்பட்ட இடங்களிலிருந்து மழைநீர் மண்ணை அரித்துச் சென்று நீர்த்தேக்கத்தில் சேர்க்கிறது; நீரைத் தேக்கும் இடமும் குறைகிறது. மண்சரிவால் சாலைகள் அடைபடுவதும் உண்டு.

மலைக்கு வருவோர் தாப்பா வழியையோ சிம்பாங் பூலாய் வழியையோ தேர்ந்தெடுக்கலாம். தாப்பா சாலையில் வளைவுகள் மிகுதி. பயணத்தில் வாந்தி எடுப்பவர்களுக்குச் சிம்பாங் பூலாய் வழியே ஏற்றது. எவ்வழியில் வந்தாலும், புறப்படும் அன்று காலையில் வானிலை அறிவிப்பையும் சாலை நிலவரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பும்போது, மூடுபனி இறங்குவதற்கு முன்பே மலையைவிட்டு இறங்கிவிடலாம்.