கறுவாத்தோட்டத்தில் நமக்கென்ன இருக்கிறது?

கடைக்கு வந்த இளைஞர் ஒருவர், "கொழும்பு ஏழில் நம்மவர்களுக்கு என்ன இருக்கிறது, ஹாஜியார்?" என்று கேட்டார். பதிலை இங்கே எழுதுகிறேன்.

இன்று பேர்ச் கணக்கில் விலை பேசப்படும் கறுவாத்தோட்டம், ஒல்லாந்தர் காலத்தில் பெயருக்கேற்பக் கறுவா விளைந்த இடம்தான். கறுவா வியாபாரம் ஆட்சியாளரின் ஏகபோகம். அனுமதியின்றிப் பட்டை உரித்தவருக்குக் கடும் தண்டனை. 1833இல் ஆங்கிலேயர் அந்த ஏகபோகத்தை ஒழித்தனர். காலப்போக்கில் கறுவாவின் மதிப்புக் குறைய, நிலத்தின் மதிப்பு ஏறியது. தோட்டம் பங்களாக்களாயிற்று. பார்ன்ஸ், ஹோர்ட்டன், வார்ட், கிரகெரி என ஆளுநர்களின் பெயர்கள் வீதிகளுக்கு வந்தன.

ஆளுநர் கிரகெரியின் காலத்தில் அங்கே எழுந்ததுதான் 1877இல் திறக்கப்பட்ட நூதனசாலை. வரைபடம் ஸ்மிதருடையது, கட்டி முடித்தவர் நம் வாப்பிச்சி மரிக்கார். என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கேட்க, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடும்படி அவர் வேண்டிக்கொண்டதாகப் பெரியவர்கள் சொல்வார்கள்.

கறுவா போனது. ஆளுநர்களும் போனார்கள். நம்மவர்கள் சிலர் அங்கே வீடு வாங்கியிருக்கிறார்கள். வாங்கிய வீடு நாளை கைமாறலாம். ஒழுங்காகச் செய்த வேலை கைமாறுவதில்லை.

கொந்தராத்து எடுக்கும் தம்பிமாரே, ஒருநாள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுவர்களைப் பார்த்து வாருங்கள்.